பெயரும் பிறப்பும்: ஆங்கிலப் பங்குப் பதிவேடுகளில் முன்னோரின் பெற்றோரைக் காணும் முறை

கொங்கு நாட்டில் முன்பின் அறியாத இருவர் சந்திக்குங்கால், ஊர் எது, கூட்டம் எது என்று வினவிக் கொள்ளுதல் நெடுநாளைய வழக்கம். அவ்விரு விடைகளும் கிடைத்தவுடன் எதிரே நிற்பவர் பங்காளியா, மாமன் மைத்துனன் முறையினரா என்பது தெளிவாகிவிடும். கொங்குக் கல்வெட்டுகளிலும் கொடையளித்தோன் பெயர் தனித்து நிற்பதில்லை. அவனுடைய நாடும் ஊரும் குலமும் பெயருக்கு முன்னே அமைந்து, இன்னான் என்று அவனை வரையறுக்கும். இவ்வழக்கு நம் காலத்திலும் முற்றும் மறையவில்லை. கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராய் விளங்கிய பெரியசாமித் தூரன் 1908-இல் ஈரோட்டை அடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்தவர். அவர் பெயரின் ஈற்றில் நிற்கும் ‘தூரன்’ என்பது அவருடைய குலப்பெயரே.

எழுத்திற் பதிந்த சான்று வேறு. மரபு நினைவு வேறு. சென்னிமலையிற் பிறந்த திருப்பூர்க் குமரன் தோன்றிய ஆண்டு 1904. பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்தற்குரிய சென்னை மாகாணச் சட்டம் அதற்கு ஐந்தாண்டு முன்னர், 1899-இல், இயற்றப்பட்டது. ஆகவே அவருடைய பாட்டன் தலைமுறையில் வாழ்ந்த சென்னிமலை நெசவாளர் ஒருவரின் பெற்றோரை அறிய விரும்புவோர்க்கு அச்சட்டத்தின் துணை இல்லை. குடும்ப நினைவு, கோயிற்கொடை, நிலப்பத்திரம் ஆகியவற்றையே நாடவேண்டும். இங்கிலாந்திலோ, எளிய உழவன் மகனது திருமுழுக்கும் 1538 முதல் எழுத்தில் பதியத் தொடங்கிற்று. இப்பதிவேடுகள் யாவை, அவற்றை எங்ஙனம் ஆராய்தல் வேண்டும், அவற்றால் நாம் பெறுவதும் பெறாததும் எவை என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கொங்கு நாட்டார்க்கு இதனால் ஆவது என்ன?

இவ்வினா எழுதல் இயல்பே. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த 1799-இல் கொங்கு நாடு கும்பினியாரின் ஆட்சிக்கு உட்பட்டது. அது முதல் ஆட்சியாளர், படையினர், சமயத்தொண்டர், பொறியாளர் எனப் பலர் இங்கு வந்து வாழ்ந்தனர். ஈரோட்டிலிருந்து சென்னிமலைக்கு அண்மையிலுள்ள ஈங்கூர் வழியே போத்தனூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை 1862-இல் திறக்கப்பட்டது. போத்தனூரில் இரயில்வேத் தொழிலோடு ஆங்கிலோ இந்தியக் குடியிருப்பும் வளர்ந்தது. அத்தகைய குடும்பங்களில் தந்தைவழி முன்னோரின் ஊர் இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிற்றூராக இருத்தல் கூடும். அவ்வூரை அறிய விழைவோர்க்கு இப்பதிவேடுகளே வாயில்.

தமிழாராய்ச்சிக்கும் இவை வேண்டப்படுகின்றன. தமிழுக்குத் தொண்டாற்றிய ஐரோப்பியரின் வாழ்க்கைக் குறிப்புகள் நம் நூல்களில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டு வருகின்றன. பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் மூலச்சான்றோடு ஒப்புநோக்கப்படாமலே வழங்குதல் உண்டு. கல்வெட்டு வாசகத்தை மசிப்படியோடு ஒப்பிடாது ஏற்றுக்கொள்ளாத நாம், இக்குறிப்புகளை மட்டும் ஆராயாது ஏற்பது முறையன்று.

பதிவேட்டின் வரலாறு

இங்கிலாந்தில் ஒரு கோயிலையும் அதன் குருவையும் சார்ந்த நிலப்பகுதி ‘பங்கு’ எனப்படும். எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தாமசு கிராம்வெல் 1538-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு பங்கின் குருவும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஏட்டில் எழுதி, பூட்டுடைய பேழையில் வைத்துக் காத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. தொடக்கத்திற் பலர் தாளில் எழுதினர். அவற்றுட் பல அழிந்தன. 1598-இல் எலிசபெத்து அரசியின் காலத்தில், பதிவுகளைத் தோலேட்டிற் பெயர்த்தெழுதுமாறும், ஆண்டுதோறும் ஒரு படியெடுத்து மேற்றிராணியார்க்கு அனுப்புமாறும் விதிக்கப்பட்டது. பழைய பதிவுகளை அவ்வரசி பட்டமேறிய 1558 முதலேனும் பெயர்த்தெழுதுக என்றமையின், பல ஊர்களின் ஏடு அவ்வாண்டிலேயே தொடங்குகின்றது. மூலவேடு அழிந்தவிடத்து மேற்றிராணியார்க்குச் சென்ற படி உதவும். இரண்டும் இருப்பின் ஒன்றன் பிழையை மற்றது காட்டும்.

உள்நாட்டுப் போரும் முடியாட்சி நீங்கிய காலமும் இவ்வொழுங்கைக் குலைத்தன. 1642-க்கும் 1660-க்கும் இடையே பல ஏடுகளில் இடைவெளி காணப்படும். அவ்விடைவெளியிற் பிறந்த ஒருவன் பதிவேட்டில் இல்லாமை, அவன் அவ்வூரிற் பிறக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது.

1753-இல் இயற்றப்பெற்று, 1754 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி மணமக்களும் சாட்சிகளும் ஏட்டிற் கையொப்பமோ கீறலோ இடுதல் வேண்டும். 1812-இல் இயற்றிய சட்டத்தால் 1813 தொடக்கத்திலிருந்து அச்சிட்ட படிவம் வழக்கிற்கு வந்தது. திருமுழுக்குப் படிவத்தில் நாள், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வாழிடம், தந்தையின் தொழில், சடங்கு நிகழ்த்திய குருவின் பெயர் ஆகியவற்றுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னர் எழுதப்படுவது பெரும்பாலும் குருவின் விருப்பத்தைப் பொறுத்தது. ஓர் ஊரில் தந்தை பெயர் மட்டும் இருக்கும்; மற்றோர் ஊரில் தாயின் பெயரும் உடனிருக்கும்.

1837 சூலை முதல் நாள் தொடங்கி இங்கிலாந்திலும் வேல்சிலும் அரசே பிறப்பைப் பதிவு செய்யலாயிற்று. ஆதலின் அந்நாளுக்கு முற்பட்டோரைத் தேடுவார்க்கே பங்கு ஏடுகள் இன்றியமையாதன. 1978-இல் ஏற்பட்ட திருச்சபை விதியின்படி நூறாண்டு கடந்த ஏடுகள் பெரும்பாலும் ஆவணக் காப்பகங்களுக்கு மாற்றப்பட்டுள்ளன. பலவற்றின் ஒளிப்படங்களையும் பெயரடைவுகளையும் இன்று கணினி வாயிலாக நம் ஊரிலிருந்தே காணலாம். ஆயினும் அடைவு பிறர் படித்து எழுதியது. மூலத்தின் ஒளிப்படத்தைக் காணாது அடைவை மட்டும் நம்புதல் கூடாது.

ஆண்டுக் கணக்கு

தமிழர்க்கு எளிதில் விளங்கும் சிக்கல் ஒன்று இவ்வேடுகளில் உண்டு. 1752-க்கு முன்னர் இங்கிலாந்தின் சட்டமுறை ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் தொடங்கிற்று. ஆகவே பழைய ஏட்டில் 1720 பிப்ரவரி என்று இருப்பது இன்றைய கணக்கில் 1721 பிப்ரவரியாகும். ஒருத்திக்கு 1720 ஏப்ரலில் திருமணமும், 1720 பிப்ரவரியில் அவள் மகவுக்குத் திருமுழுக்கும் நடந்தனவாக ஏட்டிற் காண்பவர், மகவு மணத்திற்கு முன்னரே பிறந்தது என்று முடிவு கட்டிவிடுவர். உண்மையில் திருமணம் நிகழ்ந்து பத்துத் திங்கள் கழிந்த பின்னரே திருமுழுக்கு நிகழ்ந்தது. சித்திரையில் மணந்தவள் அவ்வாண்டு மாசியில் மகப்பெற்றாள் என்றால் நம்முள் எவரும் ஐயுறார். கணக்கறியாமை குற்றமற்ற ஒருத்தியின் மேல் பழி சுமத்துதற்கு ஏதுவாகும் என்பதற்காக இதனை விரித்துரைத்தோம்.

பெயர் வடிவிலும் இத்தகைய எச்சரிக்கை வேண்டும். இலத்தீனில் எழுதிய ஏடுகளில் ஜேம்சு என்பவன் யாக்கோபசு ஆவான்; வில்லியம் என்பவன் குலியெல்மசு ஆவான். யாக்கோபு, யோவான் என்னும் தமிழ் வடிவங்களைப் பயின்றவர்க்கு இம்மாற்றம் புதிதன்று.

தேடும் நெறி

தேடுவோன் அறிந்ததிலிருந்து அறியாததை நோக்கிச் செல்லவேண்டும். போத்தனூரில் வாழும் ஒரு குடும்பம், இரயில்வேயில் பணியாற்றிய தன் முன்னோன் ஒருவனைத் தேடுகின்றது எனக் கொள்வோம். முதற்கண் இந்நாட்டில் நிகழ்ந்த அவனது அடக்கம், திருமணம், மக்களின் திருமுழுக்கு ஆகியவற்றைக் காணவேண்டும். அடக்கப் பதிவிலுள்ள வயது பிறந்த ஆண்டை அண்ணளவாகத் தரும். திருமணப் பதிவில் தந்தையின் பெயர் இருத்தல் கூடும்.

சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் கோயில் 1680-இல் நிறுவப்பட்டது. அதன் பதிவுகளும் அவ்வாண்டு தொடங்கியே கிடைக்கின்றன. சென்னை மாகாணத்துக் கோயிற்பதிவுகளின் படிகள் இலண்டனுக்கும் அனுப்பப்பட்டன. 1698 முதலாக அப்படிகள் பிரித்தானிய நூலகத்திலுள்ள இந்திய அலுவலக ஆவணங்களுள் உள்ளன. கும்பினியாரிடம் எழுத்தராகவோ படைப்பயிற்சியாளராகவோ சேர விழைந்தோரின் விண்ணப்பங்களும் ஆங்கே உள. வயதை மெய்ப்பித்தற்பொருட்டு அவற்றோடு திருமுழுக்குச் சான்று இணைக்கப்படுதல் வழக்கம். அச்சான்று கிடைப்பின் பங்கின் பெயர் கிடைத்ததாகும். திருக்குறளுக்கு உரை கண்ட எல்லிசு துரை 1796-இல் சென்னையில் எழுத்தராய்ப் பணியேற்றவர். அவரைப் போன்றோரின் இளமையை ஆராய்வார் முதலில் நாடவேண்டிய இடம் இத்தொகுதியே.

ஒரு குடும்பத்தின் சான்றுகள் இரு நாடுகளிற் பிரிந்து கிடத்தலும் உண்டு. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராய் இருந்து உதகையை உருவாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் உதகைத் தூய ஸ்தேவான் கோயிலிற் புதைக்கப்பட்டனர். 1855-இல் மறைந்த அவரோ இங்கிலாந்தில் அப்டன் என்னும் ஊரின் பங்குக் கோயிலில் அடக்கமானார். ஒரு நாட்டின் ஏட்டை மட்டும் பார்ப்பவர் அக்குடும்பத்தின் ஒரு பாதியையே காண்பர்.

போப்பையர்: ஓர் எடுத்துக்காட்டு

தமிழர் நன்கறிந்த ஒருவரைக் கொண்டு இந்நெறியை விளக்குவோம். திருக்குறளை 1886-இலும், நாலடியாரை 1893-இலும், திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப்பு, உதகையிற் பள்ளி நடத்தியவர். 1868 வரை நீலமலைப் பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆட்சியைச் சார்ந்திருந்தமையின், அவர் கொங்குப் பகுதியின் வரலாற்றுக்கும் உரியவர்.

அவர் இங்கிலாந்தில் வளர்ந்தவர். ஆங்கிலத் திருச்சபைக் குரு. ஆக்சுபோர்டில் தமிழ் கற்பித்தவர். இவற்றை மட்டும் அறிந்த ஒருவர், 1820-ஐ ஒட்டி ஜார்ஜ் போப்பு என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்ற குழந்தையை ஆங்கிலப் பங்குகளில் தேடப் புகுவாராயின், அப்பெயருடையார் ஒருவரைக் காணுதல் அரிதன்று. ஜார்ஜ் என்பதும் போப்பு என்பதும் அங்கு வழங்கும் பெயர்களே. அவ்வாறு கண்ட குழந்தையின் தந்தையையும் தாயையும் நம் போப்பையரின் பெற்றோர் என்று எழுதிவிட்டால், பொய்யான ஒரு மரபு தோன்றிவிடும். அவர் பிறந்தது இங்கிலாந்தில் அன்று. வட அமெரிக்காவில், இன்று கனடாவைச் சேர்ந்த எட்வர்டு இளவரசுத் தீவில், பெடக்கு என்னும் ஊரில், 1820 ஏப்ரல் 24-ஆம் நாள் பிறந்தார்.

அவர் பெற்றோர் ஜான் போப்பும் கேதரின் யுக்ளோவும் ஆவர். தாயின் குடும்பம் இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலில் ஸ்ட்ராட்டன் என்னும் ஊரைச் சார்ந்தது. நாம் ‘யு’ என்று எழுதும் முதலெழுத்து இந்த யுக்ளோ என்னும் பெயரின் குறுக்கமே. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவருடைய பெயரின் நடுவே நிற்பது தாய்வழிக் குடும்பப்பெயர்.

இஃது ஆராய்ச்சிக்கு இன்றியமையாத குறிப்பாகும். 1813-இன் அச்சுப்படிவத்திலும் தாயின் பெயர் கணவனது குடும்பப்பெயரோடு சேர்ந்தே எழுதப்பட்டது. மணத்திற்கு முன் அவள் எக்குடியினள் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. ஆதலின் திருமுழுக்கு ஏட்டில் ஜான், கேதரின் என்று கண்டால் அவர்கள் எந்த ஜான், எந்தக் கேதரின் என்பது விளங்காது. பிள்ளைக்கு இட்ட நடுப்பெயரே யுக்ளோ குடியினரின் பதிவுகளைத் தேடுமாறு வழிகாட்டும். பெண்ணின் இயற்பெயரையும் பிறந்த குடியையும் திருமணப் பதிவு தரும். எனவே தாயைக் காண விழைவோர் திருமுழுக்கோடு நில்லாது திருமணத்தையும் தேடவேண்டும்.

உடன்பிறந்தோரையும் விடலாகாது. போப்பையரின் தம்பி வில்லியம் பர்டு போப்பு மெதடிசுத்துச் சபையின் இறைநூல் அறிஞராய்ப் புகழ்பெற்றவர். அவர் 1822 பிப்ரவரி 19-ஆம் நாள் நோவா ஸ்கோசியாவிலுள்ள ஆர்ட்டனிற் பிறந்தார். இரண்டாண்டு நிறையுமுன் அக்குடும்பம் தீவிலிருந்து வேறொரு நாட்டுப்பகுதிக்குச் சென்றமை இதனால் தெளிவாகின்றது. தம்பியின் இளமைக்கல்வி பிளிமத்துத் துறைமுகத்தை அடுத்த ஊ என்னும் சிற்றூரில் நிகழ்ந்தது. பின்னர் 1837-ஐ ஒட்டி ஓராண்டு பெடக்கு ஊரிலேயே கப்பல் கட்டும் வணிகரான சிறிய தந்தையிடம் அவர் பணியாற்றினார். இவ்வாறு கடலின் இருகரையிலும் இக்குடும்பத்திற்கு உறவு இருந்தமை தம்பியின் வரலாற்றால் விளங்குகின்றது. ஒருவர் பிறப்பைப் பற்றிய ஐயத்தை மற்றவர் பிறப்பு தீர்க்கும்.

அக்குடும்பம் மெதடிசுத்து நெறியைச் சார்ந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அரசு ஏற்ற திருச்சபையினின்று பிரிந்தோர் பலர் தத்தம் வழிபாட்டில்லங்களிலேயே திருமுழுக்கு நிகழ்த்தினர். அவர்களுடைய ஏடுகளுட் பல 1837-க்குப் பின் அரசால் திரட்டப்பெற்று, இன்று இலண்டனிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. பங்கு ஏட்டிற் காணாத பெயர் ஈண்டுக் கிடைத்தல் கூடும்.

ஒருவனே என்று துணிதல்

பதிவேடு பெயரைத் தரும், ஆளைத் தருவதில்லை. ஓர் ஊரில் ஒரே பெயருடையார் இருவரும் மூவரும் வாழ்ந்திருப்பர். கொங்கு நாட்டில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் ஒரு குடும்பத்திற் பல முத்துச்சாமிகளும் பழனிச்சாமிகளும் இருத்தலைக் காண்கின்றோம். ஆங்கில ஊர்களின் நிலையும் அத்தகையதே. ஆதலின் ஏட்டிற் கண்டவனும் நாம் தேடுபவனும் ஒருவனே என்று துணிதற்கு மூன்று சோதனைகள் வேண்டும்.

முதலாவது, வயது, ஊர், தந்தையின் தொழில், சாட்சிகள் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை ஒத்துவரல் வேண்டும். திருமுழுக்கு நாள் பிறந்த நாள் அன்று. சிலர் பல்லாண்டு கழித்தும் அச்சடங்கைப் பெற்றனர். எனவே வயது சிறிது முரண்படுதல் கொண்டு ஒரு பதிவைத் தள்ளிவிடலும் ஆகாது. இரண்டாவது, அக்குழந்தை இளமையில் இறந்துவிட்டதா என்று அடக்க ஏட்டைப் பார்த்தல் வேண்டும். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த மகவுக்கு இடுதல் அங்கு வழக்கமாதலின், இச்சோதனையைச் செய்யாதவர் மண்ணிற் புதைந்த குழந்தைக்கு மனைவி மக்களைக் கற்பித்து விடுவர். மூன்றாவது, அப்பெயருடைய பிறர் அண்டைப் பங்குகளில் இருந்தனரா என்று ஆராய்ந்து, அவர்களை விலக்கும் ஏதுக்களைக் காட்டல் வேண்டும்.

ஏட்டில் இல்லாத தாய்

இறுதியாக ஒன்று. 1689-இல் சென்னைக் கோட்டைக் கோயிலில் மேரி, எலிசபெத்து, கேதரின் என்னும் மூன்று பெண்கள் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் பின்னாளிற் கல்கத்தாவில் கும்பினிக் குடியேற்றத்தை நிறுவிய ஜோப் சார்னக்கின் மக்கள். தந்தையின் பெயரை வரலாறு முழுவதும் அறியும். அவர்களைப் பெற்றவள் இந்நாட்டுப் பெண் என்று மரபு கூறுகின்றது. அவளுடைய இயற்பெயரோ வரலாற்றில் நிலைபெறவில்லை. அவளைப் பற்றிப் பிற்காலத்தார் பல கதைகளைக் கட்டினர்.

போத்தனூர் முதலிய இடங்களில் முன்னோரைத் தேடும் குடும்பங்கள் சில, இத்தகைய வெற்றிடத்தை எதிர்கொள்ள நேரும். ஆங்கிலேயத் தந்தையின் பங்கும் ஊரும் பாட்டனும் கிடைப்பர். தாய்வழியில் ஒரு பெயருக்கு மேல் எதுவும் கிடையாது. அப்பெயரும் திருமுழுக்கில் இட்ட புதுப்பெயராகவே இருத்தல் கூடும். முழுமை வேண்டும் என்னும் வேட்கையால் அங்கு ஒரு பெயரைக் கற்பித்து எழுதுவோர் அவளை இரண்டாம் முறை மறைத்தவராவர். கல்வெட்டிற் சிதைந்த எழுத்துக்குப் புள்ளியிட்டு இடம் விடுதல் நம் மரபு. வமிசாவளியிலும் அவ்வாறே இடம் விட்டு எழுதுக. பின்வருவோர் ஒருவர்க்கு ஒரு கடிதமோ உயிலோ கல்லறைக் கல்லோ கிட்டுமாயின், அவளுக்குரிய பெயரை அவ்விடத்தில் எழுத இயலும்.